சுரண்டாமல் பூசிய கதவு

ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

இங்கே குழந்தை நலம், நானும் நலம். நீங்களும் நலம் என்று பதில் எழுதிவிடாதீர்கள். உங்களைப் பார்த்துவிட்டு வந்த என் மகள், "மாடிப்படியில பாதியிலயே உக்காந்துட்டார்ம்மா, நெஞ்சுக்குள்ள விசில் அடிக்குது" என்று அழுதபடி இருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து உங்களிடம் வாய் திறந்து நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்தப் பட்டறையை விட்டு வந்துவிடுங்கள்.

அத்தை

ஜூன் 11

அத்தைக்கு வணக்கம்.

உங்க பொண்ணு கொசுவை யானையாக்குவா, தெரியாதா? ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு. அன்னைக்கு நெஞ்சு கப்சிப். மத்த நாள் இழுத்தா, மருந்தை வாயில ரெண்டு தடவை அடிச்சா திறந்துக்குது. பஸ்ஸுக்கு பெயின்ட் ஸ்பிரே பண்றதுல என் கைக்கு வர்ற பளபளப்பு இங்க எவனுக்கும் வராது. அதை விட்டுட்டு வந்து உங்க பக்கத்துல உக்காந்து காய் நறுக்கவா?

மாப்பிள்ளை

ஜூன் 19

மாப்பிள்ளைக்கு,

நறுக்குங்கள், மூச்சோடு இருந்து நறுக்குங்கள்.

என் மகள் கொண்டுவந்த உங்கள் பரிசோதனைச் சீட்டை இங்கே நெஞ்சு டாக்டரிடம் காட்டினேன். உடம்பைக் காவல் காக்கும் அணுக்கள் ரத்தத்தில் இருக்கின்றனவாம். உங்கள் உடம்பில் அவை பெயின்டைப் பகையாளி என்று முடிவு கட்டிவிட்டன. அது மூக்கில் ஏறும்போதெல்லாம் படையாகத் திரண்டு வந்து சண்டை போடுகின்றன. மூச்சுக்குழாய் வீங்குகிறது, சளி கட்டுகிறது, சதை இறுக்கிப் பிடிக்கிறது. பிறகு காயம் ஆறும்போது குழாயின் சுவரில் ஒரு பூச்சு கூடிவிடுகிறது. நீங்கள் அடிக்கும் மருந்து இறுகிய சதையைத் தளர்த்துமே தவிர, படையைக் கலைக்காதாம். அதற்கு வேறு மருந்து உண்டு. ஆனால் பெயின்ட் ஏறிக்கொண்டே இருந்தால் அதுவும் தோற்றுப்போகும். ஞாயிற்றுக்கிழமை அவை ஓய்வெடுக்கின்றன, அவ்வளவுதான். போய்விடவில்லை.

எனக்கு நம் பின்பக்கக் கதவு ஞாபகம் வந்தது. பழைய பெயின்டைச் சுரண்டாமல் மேலே மேலே பூசினீர்களே. இப்போது அது நிலையில் சிக்கிக்கொண்டு திறப்பதே இல்லை. உங்கள் நெஞ்சும் அப்படி ஆக வேண்டுமா? யார் முன்னாலும் குனியாதவள் கெஞ்சுகிறேன்.

அத்தை

ஜூலை 1

அத்தை,

கையில இருக்கிற பஸ்ஸை மட்டும் முடிச்சுட்டு வந்துடறேன். வந்ததும் முதல் வேலை அந்தக் கதவுதான். இப்பல்லாம் மருந்தை நாலு தடவை அடிச்சாத்தான் நெஞ்சு திறக்குது. உங்க பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க.

மாப்பிள்ளை

ஜூலை 9

மாப்பிள்ளை,

பட்டறையிலேயே விழுந்துவிட்டீர்கள் என்று போன் வந்தது. என் மகள் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன் வந்ததிலிருந்து என்ன செய்வதென்று தெரியாமல் சமையல் கத்தியை எடுத்துக் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நீலம் போனது, பச்சை போனது, அதற்கடியில் காவி. கடைசியில் மரம் தெரிந்தது. கதவு திறந்துகொண்டது.

"நெஞ்சையும் இப்படிச் சுரண்ட முடியாதா?" என்று நெஞ்சு டாக்டரிடம் போனில் கேட்டேன். "முடியாதும்மா. இனிமே பூச விடாம பார்த்துக்கலாம்" என்றார்.

இருக்கிற வழியையாவது அடைக்காதீர்கள். என் மகளுக்காக இல்லை, குழந்தைக்காக இல்லை. எனக்கு நீங்கள் வேண்டும்.

அத்தை

அத்தை,

ஆஸ்பத்திரியில மூக்குல குழாய் வச்சிருக்காங்க. பேசினா மூச்சு வாங்குது, அதான் எழுதறேன். ஸ்பிரே கன்னை முதலாளிகிட்ட ஒப்படைச்சுட்டு வரச் சொல்லி உங்க பொண்ணை அனுப்பியிருக்கேன்.

அந்தக் கதவுக்கு யாரையும் பெயின்ட் அடிக்க விடாதீங்க. வெறும் மரமாவே இருக்கட்டும். அது வழியாவே வீட்டுக்குள்ள வர்றேன்.