நான்காம் எண்ணுக்குக் குறைத்த மதிப்பெண்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வலியோடு மூட்டை தூக்காதே, சொன்னால் கேள்.

எங்கள் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் போன் எடுக்க ஓர் ஆள் எடுத்தார்கள். உன் மகளும் விண்ணப்பித்தது உனக்குத் தெரியும். அவளுக்கு இந்த வேலை கிடைத்தால் நீ அங்கே மூட்டை தூக்குவதை விட்டு ஊருக்குத் திரும்பி வந்துவிடலாம் என்றுதானே எல்லோரும் காத்திருந்தோம்.

முன்பெல்லாம் எங்கள் அதிகாரி ஐந்து நிமிடம் பேசிப் பார்ப்பார்; பிடித்துப்போனால் வேலை. இந்த முறை புது ஏற்பாடு. பதறிப்போன ஒருவரின் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, அவரிடம் என்ன கேட்பீர்கள் என்று டைப் செய்யச் சொன்னார்கள். தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். என்னையும் சேர்த்து மூன்று பேர், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் மதிப்பெண் போட வேண்டும். முகவரி கேட்டதற்கு இத்தனை, மூச்சு இருக்கிறதா என்று கேட்டதற்கு இத்தனை. "என் தம்பி பொண்ணும் எழுதுறா, நான் ஒதுங்கிக்கிறேன்" என்றேன். "பேரே இல்லையேம்மா, அப்புறம் என்ன?" என்று அதிகாரி சிரித்தார்.

முதலில் நானும் நக்கலடித்தேன். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. அழகாக எழுதியவர் முகவரியே கேட்கவில்லை! தப்பும் தவறுமாக எழுதியவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். இத்தனை வருஷமாக எத்தனை நல்ல ஆட்களைத் திருப்பி அனுப்பியிருப்போமோ.

நான்காம் தாளில், "பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று இருந்தது. அவள் பேசுகிற மாதிரியே இருக்கவும், நம் வீட்டுப் பெண்ணேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அத்தை அள்ளிக்கொடுத்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மூன்று மதிப்பெண் குறைத்துப் போட்டேன். பெரிய நேர்மைக்காரி என்று நினைப்பு வேறு.

மூன்று பேர் போட்டதையும் கூட்டிப் பார்த்தால், ஆறாம் எண் ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் முதலிடம்; அடுத்தது நான்கு. பெயர்கள் இருந்த உறையைப் பிரித்தார்கள். ஆறுதான் நம் பெண். நான்கு யாரோ முன்பின் தெரியாத பெண்.

தாளில் இல்லாத பெயரை நானே எழுதிக்கொண்டேனே, அது எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை தம்பி, வேண்டுமென்றே குறைத்ததை அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். என் மதிப்பெண்களைத் தள்ளிவிட்டு வேறொருவரைப் போடச் சொன்னார்கள். வேலை நான்காம் எண்ணுக்குப் போனது.

உன் மகளிடம் நானே சொன்னேன். "பரவால்ல அத்தை" என்றாள். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. அவள் நன்றாகத்தான் எழுதியிருந்தாள், அவளை ஒன்றும் சொல்லிவிடாதே.

நீ நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். கோபம் வந்தால் என்னைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அக்கா