ஜூலையில் எண்ணிய தலைகள்

கிசில்-ஜார்,
ஜனவரி 18

அன்புத் தம்பி குபாத்துக்கு,

அக்கா கனிஷாய் எழுதுகிறேன். பிஷ்கெக்கில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் நான் அனுப்பியதையெல்லாம் நீ பார்த்துவிட்டாய் என்று நீலக் குறி மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதி, உங்கள் ஊருக்கு ஆள் ஏற்றி வரும் கார்க்காரரிடம் ஒரு ஜாடி ராஸ்பெரி ஜாமோடு கொடுத்து அனுப்புகிறேன். ஜாமுக்காவது கதவைத் திறப்பாய்.

இங்கே நல்ல குளிர். உன் அத்தானுக்கு முதுகுவலி தேவலை. மாடு மார்ச்சில் கன்று போடும். நான் அதே பாலர் பள்ளிச் சமையலறையில்தான் இருக்கிறேன். காலை ஆறரைக்குக் கஞ்சி அடுப்பில் ஏறிவிட வேண்டும். அதற்கு இப்போது ஐந்து மணிக்கே வீட்டை விட்டு இறங்குகிறேன். நான்காம் எண் பஸ் நவம்பரோடு மேட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டது. அது உனக்குத் தெரியாத செய்தி இல்லை.

பொய் சொல்லக் கூடாது, கீழே இருக்கிறவர்களுக்குச் சௌகரியம்தான். சந்தையிலிருந்து புது ஆஸ்பத்திரி வாசல் வரை பெரிய சாலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிறது. முன்பு அரை மணி நேரம் நின்றவர்கள் புது வழித்தடப் படம் போட்டவரை வாழ்த்துகிறார்கள். வாழ்த்தாதவர்கள் நாங்கள் மட்டும்தான். நான்கு கிலோமீட்டர் இறக்கம், பாதி வழி கண்ணாடி மாதிரிப் பனி. நீ கடைசியாக வந்துபோன பிறகு பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த தையல்காரி ஷாக்கென் டிசம்பரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தையல்காரிக்கு வலது கை போனால் என்ன மிஞ்சும்? இடது கையால் பொத்தான் தைத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் நகர மன்றத்தில் பொதுக்கூட்டம் வைத்தார்கள். துணைத் தலைவி அனாரா பிஷ்கெக்கிலிருந்து வந்த புது வழித்தடப் படத்தைச் சுவரில் மாட்டி, மேட்டில் ஆள் ஏறுவது ரொம்பக் குறைவு, அந்தப் பஸ்ஸைப் பெரிய சாலைக்குத் திருப்பியதால் ஆயிரம் பேருக்கு நன்மை என்று விளக்கினாள். நான் மூன்றாவது வரிசை. படத்தின் அடியில் இருந்த கையெழுத்து அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. கு. ஓஸ்மோனொவ். இந்த ஊரில் பாதிப் பேர் ஓஸ்மோனொவ் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அத்தான் மட்டும் என் காதில், "உன் தம்பி இன்னொரு படம் போட்டா நம்ம வீடே காணாமப் போயிடும் போலிருக்கே" என்றார்.

அப்போது ஷாக்கென் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "இந்தப் படத்தைப் போட்ட மகராசன் ஒரு தடவையாவது எங்க மேட்டுல நடந்து பார்த்தானா? நடந்திருந்தா அவன் முட்டியே சொல்லிக் கொடுத்திருக்குமே!" என்றாள். கூட்டம் சிரித்தது. யாரோ பின்னாலிருந்து, "பிஷ்கெக்காரன் எங்க நடப்பான், லிஃப்ட் கேப்பான்" என்றான்.

எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை. எழுந்துவிட்டேன். "நடந்திருக்கான். பள்ளிக்கூடம் போக பத்து வருஷம் நடந்திருக்கான். அவன் என் தம்பி" என்றேன்.

ஷாக்கென் என்னைத் திரும்பிப் பார்த்து, "அடிப்பாவி, இவ்வளவு நேரம் கல்லு மாதிரி உக்காந்திருந்தியே" என்றாள். எழுந்தது எழுந்தாயிற்று என்று, எந்த மாதத்தில் தலை எண்ணினார்கள் என்று அனாராவிடம் கேட்டேன். அவள் தாளைப் புரட்டினாள். ஜூலை பதினொன்று, ஒரே ஒரு நாள், அறுபத்தொரு பேர். "ஜூலையில நாங்க எங்கம்மா இருக்கோம்? பாதி மேடு ஆடு குதிரையோட மலை மேய்ச்சல்ல இருக்கு. பள்ளிக்கூடம் லீவு. என் சமையக்கட்டும் பூட்டு" என்றேன். அனாரா கெட்டவள் இல்லை. தாளில் ஜூலை என்று இருந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டாள். பிறகு, "எண்ண எங்கிட்ட ஆள் இல்ல. நீங்களே எண்ணுங்க, நான் முத்திரை வெச்சுத் தரேன். ஆனா படத்தை மாத்தணும்னா கையெழுத்துப் போட்டவர்தான் மாத்தணும். பிப்ரவரி கடைசிக்குள்ள" என்றாள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி முதல் ஒரு வாரம் எண்ணப் போகிறோம். பஸ் இல்லையே, அதனால் தண்ணீர்த்தொட்டி வளைவில் நின்று, நடந்து இறங்குகிறவர்களை எண்ணுவோம். காலையில் ஷாக்கென், மாலையில் நான். ஷாக்கென் இன்னும் என்னோடு பேசவில்லை, எண்ண மட்டும் சம்மதித்திருக்கிறாள்.

தம்பி, குறை சொல்ல இதை எழுதவில்லை. எண்ணியவன் நீ இல்லை, உன் மேசைக்கு ஒரு எண் வந்தது, நீ கோடு போட்டாய் என்று எனக்குத் தெரியும். ஜூலை என்று படித்தபோது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று மட்டும் இரண்டு மூன்று நாள் யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். தாள்களை அனுப்புவோம், பார். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
கனிஷாய்


கிசில்-ஜார்,
மார்ச் 30

அன்புத் தம்பி குபாத்துக்கு,

நவ்ரூஸ் பண்டிகை நல்லபடியாக முடிந்தது. மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. ஷாக்கெனுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, ஊசி பிடிக்கிறாள். நேற்று முன்தினம் திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நான்காம் எண் பஸ் தண்ணீர்த்தொட்டி வரை ஏறி வந்தது. சின்ன பஸ். காலையும் மாலையும் அரை மணிக்கு ஒன்று, நடுப்பகலில் மணிக்கு ஒன்று. பெரிய சாலையில் பத்து நிமிடம் பன்னிரண்டு ஆகியிருக்கிறது, அதற்குக் கீழே இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். எங்கள் ஆட்களும் விட்டபாடில்லை. "தொட்டி வரைக்கும் வந்தவன் இன்னும் இருநூறு அடி வந்தா தேஞ்சா போயிடுவான்?" என்று ஷாக்கென் டிரைவரிடமே கேட்டாள். அவர், "தொட்டிக்கு மேல வண்டி திரும்ப இடமில்ல தாயே, உங்க வீட்டு வேலியை இடிச்சுக்கட்டுமா?" என்றார். நவம்பருக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் உட்கார்ந்துகொண்டு வேலைக்குப் போனேன்.

இனி, இந்தக் கடிதத்தை எதற்கு எழுதுகிறேனோ அந்த விஷயம்.

அனாரா புதுப் படத்தைக் கொண்டுவந்து காட்டியபோது எங்கள் எண்ணிக்கைத் தாள்களும் அதோடு இருந்தன. நாளுக்குச் சராசரி முந்நூற்று எண்பத்தெட்டு பேர். காலைத் தாள்களை அப்போதுதான் பார்த்தேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஷாக்கெனின் கோணல் எழுத்து இல்லை. ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு. வகுப்பில் வாத்தியார் எத்தனை தடவை அடித்தும் நீ விடாத கோடு அது.

ஷாக்கெனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அதுவா? ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேன்னு ஒரு ஆளு வந்தான். மூஞ்சி முழுக்க மப்ளர். இடது கையால எழுதச் சிரமப்படுறேனேன்னு பென்சிலை வாங்கிக்கிட்டு அவனே எழுதினான். கீழயிருந்து நடந்தே வந்தானாம், பேன்ட்டு முட்டியில பனி அப்பியிருந்துச்சு. மூணு தடவை விழுந்தேன்னான்" என்றாள். அவனிடம் என்ன பேசினாய் என்றேன். படம் போட்டவனைப் பற்றி மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாளாம், இரண்டு காலையும். "அக்காக்காரி பாவம், ஊரே பேசுது, அவ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடக்குறா. அந்தப் பயலுக்கு ஒரு போன் பண்ண வக்கில்லன்னு சொன்னேன். அதுக்கு அவன், ஆமாங்க, வக்கில்லதான்னான்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த துணியை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு மாலை ஒரு தட்டு போர்சோக் மாவுப் பலகாரம் பொரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அழுதது நான் இல்லை, அவள்தான். "எங்கிட்ட இருந்து அவ்வளவும் வாங்கிக்கிட்டு, போகும்போது பார்த்து நடங்கன்னு சொல்லிட்டுப் போனாண்டி" என்றாள்.

குபாத், நீ சந்தைப் பக்கத்து விடுதியில் தங்கியிருந்தாய் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் சமையலறை ஜன்னலிலிருந்து அந்த விடுதியின் வாசல் தெரியும். அந்த இரண்டு நாளும் நான் அந்த ஜன்னலடியில் நின்றுதான் கஞ்சி கிண்டினேன். மேட்டின் வளைவு வரை வந்தவன் இன்னும் நான்கு வீடு தாண்டி வரவில்லை. அப்பா இறந்த வருஷ நினைவு விருந்துக்கு வந்து போனதோடு நான்கு வருஷம் ஆகிறது.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அது படத்துக்காக இல்லை. தப்புச் செய்தவன் அக்கா வீட்டுக்கு வரக் கூடாது என்று யார் உனக்குச் சொன்னது? நான் கூட்டத்தில் எழுந்து அப்படிச் சொன்னது உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டதோ என்று இப்போது பயமாக இருக்கிறது. அப்படியானால் மன்னித்துக்கொள். தம்பி என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன், வேறொன்றும் இல்லை.

மே மாதம் பனி கரைந்துவிடும். மலைக்குப் போகுமுன் வீட்டில்தான் இருப்போம். படத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அத்தானிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஷாக்கெனிடம் அப்படிச் சொல்லிப் பயனில்லை. அவள் பேசுவாள், உனக்குச் சட்டையும் தைத்துத் தருவாள். தோள் அளவு இரண்டு காலைகளில் பார்த்துவைத்திருக்கிறாளாம்.

உன் வழி வெள்ளையாக இருக்கட்டும் என்று நம் பெரியவர்கள் வாழ்த்தி அனுப்புவார்கள். நானும் அப்படித்தான் வாழ்த்துகிறேன், தம்பி. ஆனால் போகிறவனுக்குச் சொல்வதாக அதை எடுத்துக்கொள்ளாதே. வருகிறவனுக்குச் சொல்கிறேன்.

உன் அக்கா,
கனிஷாய்