மக்கு மாணவன் தேவை

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

அறிவியல் ஆசிரியர் பயிற்சித் துறையை மூடி, உங்கள் இயற்பியல் துறையோடு சேர்த்துவிடலாமா என்று ஆராயும் குழுவுக்கு நீங்களே தலைவராம். சந்தோஷம். என் பதவி உயர்வு நேர்காணலில், "விஷயம் தெரிஞ்சவன் விஞ்ஞானி ஆவான், தெரியாதவன் வாத்தியாருக்கு வாத்தியார் ஆவான்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தவர் நீங்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டு இறங்கவில்லை.

மூடுவதற்கு முன் ஒரு வகுப்புக்கு வாருங்கள். பயிற்சி பெறுபவர்களில் ஒருவர் பாடம் எடுக்க, மற்றவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்காருவார்கள். மக்குப் பையனாக நடிக்க ஆள் கிடைக்கவில்லை. உங்கள் நினைவு வந்தது.

உங்கள் தங்கை நலம். "நேரா பேசித் தொலைங்க. நான் என்ன தபால்பெட்டியா?" என்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
வாத்தியாருக்கு வாத்தியார்

பிப்ரவரி 7

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் நாக்கின் காரம் பேனாவிலும் குறையவில்லை. புதன்கிழமை வருகிறேன். ஆனால் தெரிந்த விடையைத் தெரியாததுபோல் சொல்ல எனக்கு வராது. குழுவில் பாதிப் பேர் மூடச் சொல்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். என் ஓட்டுத்தான் மிச்சம். அது எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

மச்சான்

பிப்ரவரி 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாடம் எடுத்த அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என்னைத் "தம்பி" என்றாள். பொறுத்துக்கொண்டேன். சுவர்க் கண்ணாடியில் சட்டையின் கடைசிப் பொத்தான்வரைதான் தெரிகிறது, முழங்காலும் தெரிய என்ன செய்யலாம் என்று கேட்டாள். இது ஒரு கேள்வியா? "பின்னாடி போனா தெரியும்" என்றேன். வகுப்பே ஆமாம் போட்டது.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "போய்ப் பாருங்க தம்பி" என்றாள்.

போனேன். பொத்தான்தான். மேஜையைத் தாண்டிப் போனேன். அதே பொத்தான். கதவில் முதுகு இடித்தது. அப்போதும் அதே பொத்தான். கண்ணாடி கோணல் என்றேன். "அப்ப நேரா மாட்டிப் பாருங்க" என்று சுத்தியலையும் ஆணியையும் கையில் கொடுத்துவிட்டாள். ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் ஒளிக்கதிர் வரைந்தவன், விரலில் அடி வாங்கிக்கொண்டு கண்ணாடி மாட்டினேன். அதே உயரத்தில் எவ்வளவு நேராக மாட்டியும் அந்த முழங்கால் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கோடு போட்டுப் பார்த்தேன். எட்டிப் போனாலும் கிட்ட வந்தாலும் கண்ணாடியில் தெரிவது அதே பொத்தான்வரைதான். இந்தப் படத்தை எத்தனையோ முறை தேர்வுக்குக் கேட்டிருக்கிறேன், மாப்பிள்ளை. நம்பியதில்லை போலிருக்கிறது.

இன்று குழு கூடியது. துறை இருக்கும். என் ஓட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்று தங்கையிடம் சொல்ல வேண்டாம், தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

விரல் வீங்கிய மச்சான்

பிப்ரவரி 22

அன்புள்ள மச்சானுக்கு,

நன்றி சொல்வேன் என்று காத்திருக்க வேண்டாம். துறை நல்ல துறை. அதைக் காப்பாற்றியது உங்கள் கடமை. நேர்காணல் கணக்கும் அப்படியே நிற்கிறது. அதை மறப்பதாக இல்லை.

உங்கள் தங்கையிடம் நான் சொல்லவில்லை. கடிதத்தை மேஜையில் வைத்தேன், அவ்வளவுதான். "எங்க அண்ணனா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் உங்கள் பேச்சை எடுத்து நான் சிரித்தது இதுவே முதல் தடவை.

பாடம் நடத்திய பெண்ணை வேறு பயிற்சிப் பிரிவுக்கு மாற்றவிருந்தேன். "அந்தத் தம்பி வர்ற வகுப்புன்னா இங்கயே இருக்கேன் சார். அவர் மாதிரி மனசுல பட்டதை யாரும் சொல்றதில்ல" என்றாள்.

அடுத்த புதன், மிதப்பதும் மூழ்குவதும். நனைந்தாலும் பரவாயில்லை என்கிற சட்டையைப் போட்டு வாருங்கள். வகுப்பு முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகிறோம். சாப்பாடு மூன்று பேருக்கு என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை