கோரையில் மாட்டிய கிளிப்

ஜூன் 1, ஞாயிறு
படம் கிடைத்துவிட்டது! மூன்று ஞாயிறுகள் ஏரியில் முழங்கால் சேற்றில் நின்றதற்குப் பலன். முக்குளிப்பான் பறவையின் இரண்டு குஞ்சுகளில் ஒன்று, கூட்டில் தாயின் முதுகில், தலை நிறையக் கோடுகளோடு. முகத்தை மறைத்த நாலைந்து கோரைகளை மட்டும் வளைத்து என் ஹேர் கிளிப்பால் பிடித்துவிட்டு எடுத்தேன். அக்கா வீட்டில் அத்தானிடம் காட்டினேன், அவரும் எங்கள் புகைப்படச் சங்கம்தானே. "எந்த இடம்மா?" என்றார். கரை, மதகு, வளைவு எல்லாம் வரைந்தே கொடுத்தேன்.

ஜூன் 5, வியாழன்
அத்தான் இரண்டு நாள் லீவாம். காய்ச்சலோ?

ஜூன் 8, ஞாயிறு
வயிறு எரிகிறது. கூட்டைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்குக் கோரையை அறுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு குஞ்சில் ஒன்றைக் காணோம். மேலே பருந்து சுற்றுகிறது. இவங்கெல்லாம் மனுஷங்கதானா? படம் வேணும்னா பொம்மைய வச்சு எடுக்க வேண்டியதுதானே!

ஜூன் 14, சனி
புகைப்படச் சங்கக் கண்காட்சி. முதல் பரிசு அத்தானுக்கு. அதே குஞ்சு. குறுக்கே ஒரு புல் இல்லை. செயலாளரிடம் போய்ச் சொன்னேன். "விடுங்க மேடம், நல்ல படம்னா நாலு புல்லு போகத்தான் செய்யும்" என்கிறார். நாலு புல்லா! மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதிவிட்டேன். அத்தானாவது கித்தானாவது.

ஜூன் 15, ஞாயிறு
நேரிலேயே கேட்டேன். கோபப்படவே இல்லை மனிதர். மேசை டிராயரைத் திறந்து என் கிளிப்பை எடுத்து வைத்தார். "இது அங்கதான் மாட்டியிருந்தது. நீ வழி போட்டு வச்சிருந்தே. நான் கொஞ்சம் அகலமாக்கினேன், அவ்வளவுதான்."

கழற்ற மறந்தேனா? கழற்றணும்னு தோணவே இல்லையா? அவர் அறுத்தது அறுத்ததுதான், அதை விடமாட்டேன். ஆனால் கதவைத் திறந்து வைத்தவள், திருடனை மட்டும் திட்டினால் எப்படி?

மூன்று பக்கத்தையும் கிழித்தேன். புதிதாக ஒரே பக்கம். இரண்டு பெயர்கள். முதலில் என்னுடையது.

ஜூலை 13, ஞாயிறு
என் பெயரையும் சேர்த்துக் கொடுத்ததால் செயலாளரால் மூடி மறைக்க முடியவில்லையாம். பரிசு திரும்பப் போயிற்று. எங்கள் இருவரையும் ஒரு வருடம் நீக்கிவிட்டார்கள். அக்கா போனை எடுப்பதில்லை.

காலையில் காமிராவை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அறுத்த இடத்தில் கோரை இடுப்பளவு முளைத்து மூடியிருக்கிறது. உள்ளே எங்கோ சின்னதாக ஒரு குரல். எட்டி எட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கேட்டுவிட்டு வந்தேன்.