அப்பா வீட்டு மறியல்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. கிழித்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நேற்று மைதானத்தில் நீங்கள் பேசும்போது கடைசி வரிசையில் நின்றிருந்தேன். வெள்ளைக்காரன் போக வேண்டுமென்றால் இரண்டு மதமும் ஒரே குடும்பமாக வேண்டும் என்றீர்கள். சொன்ன கையோடு அந்தப் பக்கத்து மதகுருவைக் கட்டிப்பிடித்தீர்கள். கைதட்டலில் காது அடைத்துப்போனது.

அவர் என் கணவரின் பெரியப்பா. மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டோம் என்று அவரும் எங்களை வீட்டில் சேர்க்கவில்லை. அந்த விஷயத்தில் உங்கள் இருவருக்கும் ஆறு வருஷத்துக்கு முன்பே ஒற்றுமை வந்துவிட்டது.

இனியாவது எங்களுக்குக் கதவைத் திறப்பீர்களா?

உங்கள் மகள்


மார்ச் 7

மகளுக்கு,

கிண்டல் செய்வது சுலபம். உன்னை இப்போது சேர்த்தால், "கூட்டணின்னு சொல்லி நம்ம பொண்ணுங்களை அந்தப் பக்கம் அனுப்பப் பாக்கிறார் வக்கீல்" என்று நம் ஆட்களே கலைந்து போவார்கள். அந்தப் பக்கமும் இதே பேச்சுதான். ஒரு விரிசல் கிடைக்காதா என்று துரைமார் காத்திருக்கிறார்கள். பதினெட்டாம் தேதி சர்க்கார் ஆபீஸ் மறியல் முடியட்டும். அதுவரை பொறு.

அப்பா


மார்ச் 12

அப்பாவுக்கு,

உங்கள் வாசற்படியில் நான் உட்கார்ந்து இன்று மூன்றாவது நாள். ஆறு வருஷம் பொறுத்தாயிற்று. கத்த மாட்டேன், கை ஓங்க மாட்டேன், எழுந்திருக்கவும் மாட்டேன். எல்லாம் உங்கள் மறியல் குழு அச்சடித்துக் கொடுத்த விதிகள்தான்.

நேற்று அம்மாவும் தலையணையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப சமையல் யார் பாக்கிறது?" என்று நீங்கள் உள்ளேயிருந்து போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. இதை அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

மகள்


மார்ச் 15

என் கண்ணு,

சிறையில் இது உன் கைக்கு வந்து சேருமோ என்னவோ. நீ கடிதம் கொடுத்தனுப்பிய அன்று இன்ஸ்பெக்டர் பின்வாசல் வழியாக வந்தான். "ஒரு கையெழுத்துப் போடுங்க சார், பொண்ணைப் பத்திரமா அவங்க வீட்ல விட்டுடறோம்" என்றான். போட்டுவிட்டேன். நீ வழியை மறித்ததாக நானே கொடுத்த புகார் அது என்று பிறகுதான் தெரிந்தது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட வக்கீல் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திரும்பப் பெறப் போனேன். "இனிமே இது சர்க்கார் கேஸ்" என்று சிரித்தான். ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னை விடும்வரை எழுவதாக இல்லை. மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கிறார். விஷயம் வெளியே தெரிந்து குழுவில் பாதிப்பேர் விலகிவிட்டார்கள். மறியல் நடக்குமோ நடக்காதோ.

தப்பு என்னுடையது. மன்னித்துவிடு அம்மா.

அப்பா


மார்ச் 19

அப்பா,

கடிதம் வந்தது. காவல்காரி படித்துவிட்டுத்தான் கொடுத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. வேறு யாராவது புகார் கொடுத்திருந்தால் பெருமையாக உள்ளே வந்திருப்பேன். இன்ஸ்பெக்டர் அந்தப் புகார்த் தாளைக் காட்டியபோது, அப்பாவின் கையெழுத்து எப்போதும் போல அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது.

நீங்கள் இல்லாமலே மறியல் நடந்துவிட்டது. நேற்று பதினோரு பெண்களை இங்கே கொண்டுவந்தார்கள். இரண்டு மதத்தவரும் இருக்கிறார்கள், ஒரே அறையில் இடம் போதாமல் முட்டிக்கொள்கிறோம். நீங்கள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பதாக அவர்கள்தான் சொன்னார்கள்.

வெயிலில் இருக்காதீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை. உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எழுந்துவிடாதீர்கள், அப்பா.

மகள்