தலைகீழாய் நிற்கும் கினிக்கோழிகள்

சால்ட்பாண்ட்,
தவக்காலத்து ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் அராபாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மான்சா அத்தையும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, நன்றாகவே இருக்கிறோம். அந்தப் பனி தேசத்தில் உனக்குத் திட்ட ஆள் இல்லாவிட்டாலும் சாப்பாடாவது நேரத்துக்குக் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நீ பழைய தையல் மெஷின் ஒன்று வாங்கியிருப்பதாகவும், நூல் சிக்குகிறது, ஊசி உடைகிறது, அம்மாவின் கைப்பக்குவத்தை எல்லாம் எழுதி அனுப்புங்கள் என்றும் கேட்டிருந்தாய். அம்மாவிடம் சொன்னேன், “எழுதுறதுக்கு என்ன இருக்கு, வந்து பக்கத்துல உக்காரச் சொல்லுங்க” என்று முடித்துவிட்டாள். சரி, லாரி ஓட்டிய காலத்தில் மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்தே இன்ஜினைக் கற்றவன் நான், தையல் என்ன பெரிய கம்பசூத்திரமா என்று முக்காலியைப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஈஸ்டருக்கு வழக்கம்போல நம் குடும்பத்துக்கு எல்லாம் ஒரே துணி, இந்த வருஷம் கினிக்கோழி அச்சு, சந்தைக்காரிகள் அதற்கு ‘வாசலில் விருந்தாளி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உன் பங்கைத்தான் முதலில் எடுத்தாள்.

கேள், எவ்வளவு இருக்கிறது தெரியுமா இந்த வேலையில். ஊசியில் நூல் கோக்க நாமெல்லாம் நூலை எச்சில் படுத்துவோம் இல்லையா, அது தப்பு, ஊசிக் கண்ணைத்தான் நனைக்க வேண்டும், ஈரம் நூலை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படியும் நுழையவில்லையா, ஊசியைத் திருப்பிப் பிடி, ஊசிக் கண்ணுக்கு முன்புறம் பின்புறம் உண்டாம், ஒரு பக்கம் கொஞ்சம் தாராளம். இத்தனை வருஷம் ஊசிக்கு முதுகு உண்டு என்று எனக்குத் தெரியாது! கையால் தைக்கும்போது நூலை மெழுகுவர்த்தியில் ஒருமுறை உரசி இழுத்தால் சிக்காது. நூல்கண்டிலிருந்து கடைசியாக வெட்டிய முனையில்தான் முடிச்சுப் போட வேண்டும், மறுமுனையில் போட்டால் நூல் முறுக்கிக்கொண்டு சண்டைக்கு வரும். ஏன் அப்படி என்று கேட்டேன், “அராபா அப்பா, நூலையும் பூனை மாதிரி ஒரு பக்கமாத்தான் தடவிக்கொடுக்கணும்” என்றாள். கனத்த துணியில் ஊசி இறங்காவிட்டால் சோப்புக் கட்டியில் ஒரு குத்து, பிறகு வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். தேய்ந்துபோன சோப்புச் சில்லைத் தூக்கி எறியாதே, கோடு போட அதைவிட நல்ல சுண்ணாம்பு இல்லை, துவைத்தால் போய்விடும். பித்தான் தைக்கும்போது அடியில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பிறகு குச்சியை உருவிவிடு, பித்தானுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். கத்தரி மழுங்கினால் உப்புத்தாளை நாலைந்து முறை வெட்டு. குண்டூசி சிந்தினால் குனியாதே, பழைய ரேடியோவின் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு நட.

இதெல்லாம் ஊரில் நாலு தையல்காரிகளுக்குத் தெரிந்திருக்கும். உன் அம்மா மட்டும் செய்கிற சில வேலைகளைப் பார்த்துத்தான் எனக்கு அதிசயம் தாங்கவில்லை. காலை வெயில் முற்றத்தில் விழும்போதே பத்துப் பதினைந்து ஊசிகளில் நூல் கோத்து ஊசிமெத்தையில் குத்தி வைத்துவிடுகிறாள், நாள் முழுக்க எடுத்து எடுத்துத் தைக்கிறாள். நூல்கண்டுகளின் விளிம்பில் கத்தியால் கீறல் போட்டிருக்கிறாள், சிவப்புக்கு ஒரு கீறல், நீலத்துக்கு இரண்டு, மஞ்சளுக்குக் குறுக்கே ஒன்று. மெஷின் தட்டில் ஊசிக்குப் பக்கத்தில் பிளாஸ்திரியை மடித்து மடித்து ஒரு சின்ன வரப்பு மாதிரி ஒட்டியிருக்கிறாள், துணியின் ஓரம் அதில் உரசிக்கொண்டே போனால் தையல், நூல் பிடித்த மாதிரி நேராக வருகிறது. இதையெல்லாம் எங்கே கற்றாய் என்றால், “வேலை கத்துக்கொடுக்கும்” என்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என்ன மூளை இவளுக்கு என்று நான் பூரித்துப்போய் ஒவ்வொன்றாகக் கேட்டு மனத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். மடையன் நான்.

வெட்டுவதற்கு முன் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும், சுருங்குகிறதெல்லாம் முதலிலேயே சுருங்கிவிடும், சாயமும் நிற்கும். அந்த வேலையை நானே செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். துணி இரண்டு துண்டு, இரண்டிலும் ஒரு முனையில் ஒரு குண்டூசி குத்தியிருந்தது. உப்பில் துருப்பிடித்துத் துணியில் கறை விழுமே என்று அக்கறையாய்ப் பிடுங்கி வைத்தேன், அவளிடம் சொல்லவும் மறந்துவிட்டேன். அவளும் காய்ந்த துணியை எடுத்து வெட்டி, உன் ரவிக்கையைத் தைத்து முடித்து, கொடியில் மாட்டினாள்.

மறுநாள் மான்சா அத்தை கெங்கி உருண்டையும் பொரித்த மீனும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே. உள்ளே கால் வைக்கும்போதே அம்மாவைப் பார்த்து, “அடியே ஆபா, முன்னால கோழியெல்லாம் ஒழுங்கா நிக்குது, முதுகுல ஏன்டி தலைகீழா நிக்குது? கள்ளு ஏதும் குடிச்சிருக்கா?” என்று ஒரே சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ரவிக்கையைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள், கடைசியில் என் பக்கம் திரும்பி, “ஊசி எங்க?” என்றாள். எந்த ஊசி என்றேன். “கடைக்காரி கிட்ட கோழிக்குத் தலை எந்தப் பக்கம்னு கேட்டு நான் குத்தி வச்ச ஊசி, கையில தட்டுப்படலைன்னு உத்தேசமா வெட்டிட்டேன்” என்றாள்.

கீறல் போட்ட நூல்கண்டு, பிளாஸ்திரி வரப்பு, காலை வெயிலில் கோத்த ஊசிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்து, “பாவம், பொண்ணு இளைச்சிட்டா” என்றாளே, நீயோ மூட்டை மாதிரி பெரிய கோட்டுக்குள் நின்றிருந்தாய், தாய்மனசு அப்படித்தான் சொல்லும் என்று நானும் விட்டுவிட்டேன். அவள் உன்னைப் பார்க்கவே இல்லை அராபா. விரலால்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அழுது தீர்த்த பிறகு சொன்னாள். இரண்டு கண்ணிலும் கண்புரை என்று மருத்துவமுகாமில் எப்போதோ சொல்லிவிட்டார்களாம், அறுவை செய்தால் சரியாகும் என்றும் சொன்னார்களாம். “கண்ணுல கத்தி வைப்பாங்க, தவறிப்போச்சுன்னா இருக்கிற மங்கலும் போயிடும், மங்கலா இருந்தாலும் எம் பொண்ணுக்கு என்னால தைக்க முடியுது இல்ல?” என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் யார் மேல் கோபப்படுவது, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தும் ஒன்றும் தெரியாதவன் நான்தானே. ஊர் நியாயமெல்லாம் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. மான்சா அத்தைதான் தன் பங்குத் துணியை அவள் மடியில் போட்டு, “எனக்கும் முதுகுல தலைகீழாவே வெட்டுடி, இவனுக்கும் சட்டை அப்படியே தை, கோயில்ல யாராவது கேட்டா எங்க வீட்டு விருந்தாளி அப்படித்தான் வருவான்னு சொல்லிக்கிறேன்” என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. கொஞ்ச நேரம் அந்த ரவிக்கையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, “நான் வெட்டின அழகை நான் ஒருத்திதான் பார்க்கலை, பார்க்கணும்” என்றாள். அவ்வளவுதான். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈஸ்டர் முடிந்த வாரம் முதல் கண்ணுக்கு அறுவை. கைதேர்ந்த டாக்டர் என்கிறார்கள். பயம் அவளுக்கு இருக்கிறது, எனக்கு அதைவிட அதிகம், காட்டிக்கொள்ளாமல் மீன் வாங்கப் போகிறேன்.

நீ பதறிக்கொண்டு டிக்கெட் எடுக்காதே, வேலையை விட்டுவிட்டு வந்தால் அவள் என்னைத்தான் கொல்லுவாள். போன் பண்ணும்போது கண்ணைப் பற்றி நீயாகப் பேச்செடுக்காதே, அவளே சொல்லட்டும், அதுவரை பித்தானைப் பற்றிக் கேள். ஊசிகளைக் காலையில் கோத்து வைக்கிற வழக்கத்தை நீ பழகிக்கொள்ள வேண்டாம், கண் நன்றாக இருக்கும்போது அப்போதைக்கப்போது கோத்துக்கொள். சோப்பும் மெழுகும் மட்டும் மறக்காதே.

நம்மைக் காக்கும் ஆண்டவன் உன் கைக்கு நேரான தையலும் உன் கண்ணுக்கு நீண்ட வெளிச்சமும் கொடுக்கட்டும். உன் ஊருக்குத் திரும்பும் பாதிரியார் கையில் ரவிக்கையைக் கொடுத்தனுப்புகிறேன், பிரிக்கவோ திருத்தவோ செய்யாதே, அப்படியே போட்டுக்கொண்டு ஈஸ்டரன்று படம் எடுத்து அனுப்பு. குளிர் என்று மேலே கோட்டை மாட்டாதே, ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொள். முதுகைக் காட்டி நில், கண்கட்டு அவிழ்த்ததும் முதலில் அந்தக் கோழிகளைத்தான் பார்ப்பேன் என்கிறாள் அம்மா. ஆனால் முகத்தை மட்டும் தோளுக்கு மேலே இந்தப் பக்கமாய் நன்றாகத் திருப்பி வை, மகளே. அவள் கோழியைப் பார்க்கவா கத்திக்கு ஒப்புக்கொண்டாள்?

உன் அப்பா,
எபோ