எல்ராய்மேல் விழுந்த உத்தரம்

மார்ச் 2
எல்ராய் பண்ணைக்கு ரொட்டி கொண்டுபோனேன். தங்கை வெர்னா செத்துப்போன பின்னும் அவள் புருஷனுக்கு நான் சுமக்கிற வேலை இது. பன்றிகள் விலா எலும்பு தெரிய முழங்கால் சேற்றில் நிற்கின்றன. செத்த குட்டி ஒன்று தண்ணீர்த் தொட்டியிலேயே ஊறிக் கிடக்கிறது. தீனி போட்டாயா என்றால், "நீ என்ன பன்னிக்கு வக்கீலா?" என்கிறான். வாயில் பீர் வாடை. வெர்னா எப்படித்தான் குப்பை கொட்டினாளோ!

மார்ச் 5
பனிக்கட்டி மழை. "எல்ராயோட பன்னிக் கொட்டகை தாங்காது மார்லிஸ்" என்றான் என் புருஷன் டெல்பர்ட். நம் கூரையைப் பார் என்றேன்.

மார்ச் 6
நானும் டெல்பர்ட்டும் எல்ராய் பண்ணைக்கு ஓடினோம்.
கொட்டகை விழுந்திருந்தது. எல்ராய் சாணிச் சேற்றில் மல்லாந்து கிடந்தான், ஒரு கால் உத்தரத்துக்கு அடியில். பசித்த பன்றிகள் அவன் பூட்ஸைக் கடிக்க ஆரம்பித்திருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டேன். பன்றிகளாலா, அவனாலா?

டெல்பர்ட் வேலிக்கம்பத்தை உத்தரத்தின் அடியில் செருகி, கம்பத்தின் நடுவில் கல்லை முட்டுக்கொடுத்து அழுத்தினான். அசையவில்லை.

"கல்ல உத்தரத்துப் பக்கமாத் தள்ளு! நாம அமுக்குற பக்கம் நீளமா இருக்கணும்!" என்று கத்தினேன்.

தள்ளினான். இந்த முனை ஒரு முழம் தாழ்ந்தால் அந்த முனை நாலு விரல்தான் ஏறும். ஆனால் ஏறும்.

அப்போது எல்ராய் பல்லைக் கடித்துக்கொண்டு, "மார்லிஸ உக்காரச் சொல்லுடா, கொட்டகையே எந்திரிச்சிடும்" என்றான்.

சீ! சாகிற நேரத்திலும் அந்த வாய்.

உட்கார்ந்தேன். கம்பத்தின் முனையில் என் எடை முழுவதையும் போட்டு உட்கார்ந்தேன். உத்தரம் முனகிக்கொண்டு ஏறியது. டெல்பர்ட் பலகையை அடை கொடுத்துவிட்டு அவனை இழுத்தான். நடுவில் ஒரு கணம், எழுந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றத்தான் செய்தது. எழவில்லை.

மார்ச் 9
ஆஸ்பத்திரியில் எல்ராயின் பாதத்தை எடுத்துவிட்டார்கள். நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "நானே காலை உருவிக்கிட்டு ஊர்ந்து வந்தேன்." கதவருகிலிருந்தே திரும்பிவிட்டேன்.

மார்ச் 10
பன்றிகளை எங்கள் பட்டிக்கு ஓட்டி வந்துவிட்டோம். யாரையும் கேட்கவில்லை.

ஏப்ரல் 24
எல்ராய் ஊன்றுகோலில் வந்தான்.
"என் பன்னிங்கள எப்பத் தருவ?"
"தரமாட்டேன்."
கத்துவான் என்று நினைத்தேன். பட்டிக்குள் எட்டிப் பார்த்தான். எல்லாம் சதை பிடித்திருந்தன. பிறகு சுவரில் சாய்ந்து, மண்வெட்டியை எடுத்துச் சாணியை வழிக்க ஆரம்பித்தான். பாதியைத் தன்மேலேயே கொட்டிக்கொண்டான்.

மதியம் சாப்பாடு வைத்தேன். தட்டை வழித்துத் தின்றான். அவன் போனதும் தட்டை இரண்டு தரம் தேய்த்துக் கழுவினேன்.

நாளைக்கும் வருவானாம்.